தண்ணீருக்குப் பயப்படாத எஞ்சின்

ஜீப் எஞ்சினைப் பற்றி ஒரு கிழவி என்ன எழுதிவிடப் போகிறாள் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபமில்லை. நான் எழுதுவது என் வயதுக்காரர்களுக்கு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்து, மாரி வந்தால் பள்ளிக்கூடம் தானாகவே லீவு விடும் என்று தெரிந்து வளர்ந்தவர்களுக்கு. வாவியைக் கடந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய் வருவது ஒரு நாள் வேலையாக இருந்தது என்று சொன்னால் நம்புவதற்கு இன்றைக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு பழைய ஜீப்பை வாங்கி முற்றத்தில் போட்டு, அதன் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றுக்குள் விட்டு ஓட்டுவதற்காம். சேற்றில் இறங்காமல் ஓட நாம் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும். கைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டுகிறான். நேற்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். "முன் ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை போடு மனே. டீசல் கனம், மூக்குக் குத்தும்" என்றேன். அவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"ஆச்சிக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"எங்கட வீட்டுச் சோறு ஒரு வருசம் டீசல் மணத்தோடதான் வெந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வந்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா பெரியகல்லாற்றுக்காரர், கடலோரத்தில் வளர்ந்தவர். நம் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். வீடு அம்மாவுடையது. சுற்றியிருந்த வளவு அம்மாவுடையது. வயலும் அம்மாவின் தாய்வழியில் வந்தது. அந்த வளவுக்குள் அப்பாவுடையது என்று சொல்ல இருந்தது ஜீப் ஒன்றுதான். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் ஓட்டி முடித்து ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய ஜீப். இடது பக்கக் கதவு கிடையாது, அந்த இடத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மழைக்கு இறக்கிவிடும் கன்வஸ் சீலையில் எந்நேரமும் ஒரு புழுங்கல் மணம் இருக்கும். அதில்தான் அப்பா விதை நெல்லும் உரமும் வேலையாட்களும் ஏற்றிக்கொண்டு வட்டைகளுக்குப் போய் வருவார். வட்டை என்றால் நம்மவர்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும் வயல் பரப்பு.

ஊரில் யாருக்காவது நோய் கடுமையென்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கோடையில் அந்த ஜீப் எங்கும் போகும். மாரியில் அது ஒரு நோயாளி. வழியில் ஒரு தாம்போதி இருந்தது. வயல் வெள்ளம் றோட்டுக்கு மேலாலேயே வழிந்து வாவிக்குள் விழட்டும் என்று கட்டிவிட்ட தாழ்ந்த பாதை அது. அந்தத் தண்ணீர் எஞ்சினில் பட்டு, தீப்பொறி போகும் வயர்கள் நனைந்துவிட்டால் ஜீப் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். பிறகு யாராவது உழவு மெஷினைக் கொண்டுவந்து இழுக்க வேண்டும்.

எனக்கு எட்டு வயதாக இருந்த மாரியில் அம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்கு அப்படித்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அன்று காலையிலேயே வட்டைக்குப் போய்விட்டார். வர மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தா. ஒன்றும் கதைக்கவில்லை. தாம்போதியில் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் நின்றது. மெஷின் வந்து இழுத்து, கரை சேர்ந்து, வலையிறவுப் பாலத்தைத் தாண்டி ஆசுபத்திரிக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டதாம். தங்கச்சி உயிரில்லாமல் பிறந்தாள்.

அப்பா திரும்பி வந்து ஜீப்பின் முன்பக்கத்தைக் காலால் உதைத்தார். உதைத்து உதைத்து அதன் விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்தது. "இந்த எஞ்சின்தான் எண்ட புள்ளயத் திண்டது" என்றார். ஊரும் அதையே சொன்னது. எட்டு வயதுப் பிள்ளை நான், நானும் நம்பினேன். அதற்குப் பிறகு ஜீப்புக்குப் பக்கத்தால் போகும்போது ஒதுங்கித்தான் போவேன்.

அடுத்த மாரிக்குள் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் வீட்டில் யாரும் சந்தோசப்படவில்லை. பயந்தார்கள். அம்மாவின் தமக்கை, எங்களோடு இருந்த பெரியம்மா, விரலை மடக்கி மாதங்களைக் கணக்குப் பார்த்தா. "கார்த்திகையில வந்து நிக்குது. வெள்ளத்துக்குள்ள" என்று சொல்லித் தலையில் கை வைத்தா. அப்பா அன்றைக்கே முடிவெடுத்தார். அந்தப் பெற்றோல் எஞ்சினோடு இன்னொரு மாரி பார்க்க மாட்டேன் என்றார். வாழைச்சேனை றோட்டில் குடைசாய்ந்த ஒரு ஜப்பான் லொறியின் டீசல் எஞ்சினை எங்கேயோ விசாரித்து, எப்படியோ பிடித்து, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து புளியமரத்தடியில் இறக்கினார். கரியும் எண்ணெயும் பிடித்துக் கிடந்த அந்த இரும்பைப் பார்த்துப் பெரியம்மா, "இதையா ஏத்தப் போறீங்க? ஜீப் தாங்குமா, இல்லாட்டி ஜீப்ப இதுக்கு மேல ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டா.

ஏறாவூரில் இருந்து பாஸ் வந்தார். எஞ்சின் வேலை செய்கிறவரைப் பாஸ் என்றுதானே நாம் சொல்வோம். அப்பாவைவிட வயது கூடியவர், அதனால் அப்பா அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி, காக்கா என்பார். அவர் வந்தது ஆடி அமாவாசை. ஊரே மாமாங்கத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக்குப் போயிருந்தது. ஒழுங்கையில் நாயைத் தவிர ஒன்றுமில்லை. சாக்கில் கட்டிய சாமான்களைத் தோளில் இருந்து இறக்கிவிட்டு, ஜீப்பின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது தண்ணியக் கண்டா மயங்குற சாமான் தம்பி. டீசல் அப்பிடி இல்ல. தீப்பொறியும் இல்ல, அந்த வயரும் இல்ல. தண்ணிக்குப் பயப்படாது."

தீப்பொறி இல்லாமல் எப்படி எரியும் என்று நான் கேட்டேன். எனக்கு வாய் அப்போதே கொஞ்சம் நீளம்.

"அமத்தினா எரியும் மனே. காத்த நல்லா அமத்தி இறுக்கிப் போட்டு எண்ணெயத் தெளிச்சா தானா எரியும். ஆரையும் அமத்திப் பாரன், எரிவாங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் அவருக்கு வந்த சாப்பாட்டில் மீன் துண்டு பெரிதாக இருந்தது.

புளியமரத்துக் கொப்பில் சங்கிலியைப் போட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கினார்கள். அது வெளியே வந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிள்ளையைத் தின்ற எஞ்சின் இவ்வளவு சின்னதா? எங்கள் நெல் மூட்டையைவிடச் சின்னதாக, சங்கிலியில் தொங்கி மெல்ல மெல்லச் சுற்றியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அறுப்பதற்குக் கட்டிய கிடாயை அப்படிப் பார்ப்பார்கள். பிற்பாடு அதை ஒருவர் மிளகாய்த் தோட்டத்துக்கு என்று வாங்கிப்போனார். தண்ணீரைக் கண்டால் மயங்கும் என்று நாங்கள் வைது அனுப்பிய எஞ்சின் அங்கே பல வருசம் தண்ணீர் இறைத்தது.

டீசல் எஞ்சின் இலேசில் உள்ளே போகவில்லை. நீளம் கூடியது, உயரம் கூடியது. கால் வைக்கிற பக்கத் தகரத்தை வெட்டினார்கள். ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளினார்கள். ஜீப்பின் கியர்ப் பெட்டியும் லொறியின் எஞ்சினும் ஒன்றோடொன்று பொருந்தாதல்லவா, இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டைக் கடைந்து எடுக்க வேண்டும். டவுனில் கடைந்து வந்த முதல் தட்டில் ஓட்டைகள் மயிரிழை விலகியிருந்தன. இரண்டாவதும் சரிவரவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் தட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்துப் போய் வந்தார். பொனட் மூடவில்லை. அதற்கும் ஓட்டை வெட்டி, எண்ணெய்ப் பீப்பாத் தகரத்தில் ஒரு தொப்பி செய்து போட்டார்கள். எஞ்சின் உட்காருகிற இடத்தில் ரப்பர் வைக்க வேண்டும். பாஸுக்கு அந்த அளவில் ரப்பர் கிடைக்கவில்லை. "இப்போதைக்கு வெல்டிங் பண்ணுவம், பிறகு பாப்பம்" என்று இரும்போடு இரும்பை ஒட்டிவிட்டார். அந்தப் "பிறகு" வரவேயில்லை.

வேலை நடந்த அந்த ஒன்றரை மாதமும் அப்பா வேறு மனுசனாக இருந்தார். விடிய எழும்புவார், பாட்டு முணுமுணுப்பார், உடம்பெல்லாம் கரியோடு குசினி வாசலில் வந்து நின்று, "புள்ள, தேத்தண்ணி" என்பார். அம்மா வெறும் தேத்தண்ணியை நீட்டிவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்று அவரைப் பார்ப்பா. எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டா. அம்மாவுக்கு எஞ்சினில் அக்கறை இல்லை என்றுதான் நான் அன்று நினைத்தேன்.

முதல் முறையாக அதை ஸ்டார்ட் பண்ணியது ஒரு வெள்ளிக்கிழமை, பாஸ் ஜும்மா தொழுதுவிட்டு வந்த பிறகு. சூடாக்கும் கம்பி சிவக்கும் வரைக்கும் பொறுத்திருந்து திருகினார். முதலில் ஒரு முனகல், பிறகு கரும்புகை, பிறகு அந்தச் சத்தம். டக டக டக என்று வளவே அதிர்ந்தது. கோழிகள் வேலிக்கு வெளியே பறந்தன. குசினித் தட்டில் இருந்த, அரிசி அளக்கிற சுண்டுக் கொத்து தானாக நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து விழுந்தது. அப்பா சிரித்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மாவும் சிரித்தா. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "உள்ளுக்க இருக்கிற ஆளும் எழும்பிற்றார்" என்றா.

ஆனால் ஏறிப் பார்த்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. இரும்போடு இரும்பாக ஒட்டியதால் எஞ்சினின் நடுக்கம் அப்படியே சீட்டுக்கு வந்தது. கதைத்தால் குரல் நடுங்கும். பல்லோடு பல் அடிக்கும். ஒழுங்கை முடிவு வரைக்கும் போய் வந்த பெரியம்மா இறங்கி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றா.

"தம்பி, இதில ஏத்தினா இவளுக்கு ஆசுபத்திரி தேவையில்ல. வாசல் படலைக்குள்ளயே புள்ள விழுந்திடும்."

பெரியம்மாவின் யோசனை வேறு. அமிர்தகழியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருடைய வீடு இருந்தது. ஐப்பசியிலேயே அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டால் மழையும் வேண்டாம், தாம்போதியும் வேண்டாம், அங்கிருந்து ஆசுபத்திரி கிட்ட. அப்பா அதைக் காதில் போடவில்லை. "எஞ்சின் கிடக்கிற வீட்டில இருந்து கொண்டு ஆரிட வீட்டுத் தாழ்வாரத்தில போய்க் கிடக்கிற?" என்று கேட்டார். பெரியம்மா அம்மாவைப் பார்த்தா. அம்மா, "அவர் சொல்றபடி செய்வம் கா" என்றா. பெரியம்மா இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. எனக்குப் பெரியம்மா மேல்தான் கோபம். அப்பா இவ்வளவு பாடுபட்டுச் செய்த எஞ்சினை நம்பாத மனுசி என்று நினைத்தேன். இப்போது அந்த மூன்று பேரையும்விட எனக்கு வயது கூடிவிட்டது. பெரியம்மா சொன்னதுதான் சரி. எஞ்சின் வந்ததாலேயே மற்ற வழியெல்லாம் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மழை தொடங்கியது. முதல் வெள்ளத்தில் அப்பா குளக்கட்டுக்குக் கீழே ஜீப்பை வேண்டுமென்றே தண்ணீருக்குள் இறக்கிக் காட்டினார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணீர் சக்கரத்தை மூடியது, டக டக சத்தம் நிற்கவில்லை. அடுத்த பக்கத்தால் நீரை வழியவிட்டுக்கொண்டு ஏறி வந்தபோது ஆட்கள் கைதட்டினார்கள். "மாப்பிள்ள கெட்டிக்காரன்" என்று ஒருவர் சொன்னார். வந்து குடியேறிப் பத்து வருசத்துக்குப் பிறகு அப்பாவுக்கு அந்த ஊரில் கிடைத்த பட்டம் அது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வலி வந்தது ஒரு காலை நேரம். நாட்கணக்காகக் கொட்டிய மழை சற்று விட்டிருந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவ சுளகை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டா. அப்பா அதற்குள் எஞ்சினைச் சூடாக்கத் தொடங்கிவிட்டார். ஜீப்பின் பின்பக்கம் பாய் விரித்து, தலையணையெல்லாம் அடைத்து அம்மாவைச் சாய வைத்தார்கள். பெரியம்மா அவவைப் பிடித்துக்கொண்டா. வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால் உடுப்புப் பையோடு என்னையும் ஏற்றினார்கள்.

போகும் வழியெல்லாம் அம்மா சீலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தா. எஞ்சின் அதிர்கிற ஒவ்வொரு அதிர்வும் அவவின் முகத்தில் தெரிந்தது. அப்பா அடிக்கடி திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் புள்ள" என்றார்.

தாம்போதிக் கரையில் ஆட்கள் நின்றார்கள். முந்தின நாள் முகத்துவாரம் வெட்டியிருந்தார்கள். நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறினால், கடல் வாயை அடைத்துக் கிடக்கிற மணலை வெட்டிவிடுவார்கள், வெள்ளம் கடலுக்குப் போகும். வெட்டியாச்சு என்ற செய்தி வந்தால் படுவான்கரையே மூச்சுவிடும். தாம்போதியின் இரு பக்கமும் நட்டிருந்த வெள்ளைக் கட்டைகளைப் பார்த்தால் அது உண்மைபோலத்தான் இருந்தது. போன வருசம் கட்டைகளின் தலை மட்டும்தான் தெரிந்தது. இப்போது பாதிக் கட்டை வெளியே நின்றது.

"வெட்டியாச்சு, இறங்குது. டீசல்தானே, போகலாம்" என்றார் ஒருவர். இன்னொருவர் மட்டும், "மத்தியானம் வரைக்கும் பொறுத்தா நல்லம்" என்றார். அப்பா கட்டைகளைப் பார்த்தார், பின்னால் அம்மாவைப் பார்த்தார், கியரைப் போட்டார்.

நம் ஆட்கள் எல்லோரும் விடுகிற பிழை அது. ஆழத்தைப் பார்ப்போம், இழுவையைப் பார்க்கமாட்டோம். முகத்துவாரம் வெட்டினால் தண்ணீர் இறங்கும், உண்மைதான். ஆனால் இறங்குகிற தண்ணீர்தான் இழுக்கும். வயல் வெள்ளம் முழுவதும் அந்த ஒரு தாம்போதிக்கு மேலால் வாவியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் தேத்தண்ணி நிறத்தில் வழவழவென்று அமைதியாக இருந்தது.

போன வருசம் பெற்றோல் எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு கட்டை சாய்ந்து நின்றது. அதை நாங்கள் தாண்டினோம். அப்பா திரும்பினார். "பாத்தயா புள்ள, தாண்டிற்று" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் அவ்வளவு நாளும் இரும்போடு கிடந்தார் என்று நினைக்கிறேன். பழைய எஞ்சின் என்றால் அங்கே பயந்து நின்றிருக்கும், நாங்களும் ஆழம் குறைந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டு வைதுகொண்டு இருந்திருப்போம். இது பயப்படவில்லை. எங்களை நடுவுக்குக் கொண்டுபோனது.

நடுவில் ஜீப்பின் பின்பக்கம் மெல்ல வாவிப் பக்கம் விலகியது. முன்பக்கம் எஞ்சின் கனத்தில் அழுந்தி நின்றது. நாங்கள் இருந்த பின்பக்கம் மிதந்தது. தண்ணீர் தரைத் தகரத்துக்கு மேல் வந்து பாயை நனைத்தது. பெரியம்மா பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கினா. எஞ்சின் மட்டும் டக டக என்று ஒரு கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னுக்கு எடுங்க" என்று அம்மா கத்தினா.

"இது நிக்காது புள்ள. நீ பயப்படாத. போன முறை மாதிரி இல்ல, இது நிக்காது" என்று அப்பாவும் கத்தினார். அந்தச் சத்தத்துக்குள் கத்தித்தான் கதைக்க முடியும். மறுபடியும் முன்னுக்கு விட்டார். பின்பக்கம் இன்னும் விலகியது.

அம்மா ஒரு கையால் சீட்டைப் பிடித்து எழும்பி, அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்தா.

"போன முறையும் எஞ்சினால இல்ல. கேக்குதா உங்களுக்கு? அண்டைக்கு விடியவே புள்ள அசையல்ல. நீங்க வட்டையில இருந்து வரக்குள்ளயே அது அசையல்ல. எஞ்சின் நிண்டதால போகல்ல. இந்தப் புள்ள அசையுது. பின்னுக்கு எடுங்க."

ஒரு வருசம் யாரிடமும் வாய் திறக்காத கதையை அம்மா ஊர் கேட்கக் கத்திச் சொன்னா. கரையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்கியரைப் போட்டார்.

கனத்த மூக்கு அழுந்தி நின்றதால் முன் சக்கரங்கள் தரையைப் பிடித்தன. அந்தக் கனம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று பாஸ் சாகும் வரைக்கும் பெருமையடித்தார். அதிலும் உண்மை இருக்கிறது. கரையில் நின்றவர்கள் கயிற்றோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பின்பக்கத்தில் கட்டி இழுத்தார்கள். அங்குலம் அங்குலமாகக் கரைக்கு வந்தோம்.

தாம்போதிக் கரையில் தென்னோலைக் கிடுகால் கட்டிய ஒரு மீன்காரரின் வீடு இருந்தது. அவருடைய மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பாயை விரித்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, "உள்ளுக்க கொண்டுவாங்க" என்றா. யாரோ சைக்கிளில் மருத்துவிச்சியைக் கூட்டி வரப் போனார்கள். ஆம்பிளைகள் அந்த அறைக்குள் போகக்கூடாது. அப்பா வெளியே, கிடுகுச் சுவரோடு நின்றார். நான் வாசற்படியில், உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் இருந்தேன். பிறந்த பிள்ளை முதலில் அழவில்லை. பெரியம்மா அதைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா கிடுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு மூத்திரம் போய்விட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பிறகு அவள் அழுதாள். மருத்துவிச்சி வந்து கொடி வெட்டியபோதும் அழுதாள். இந்த வயதிலும் என்னோடு ஒன்றுக்கும் இல்லாததற்குச் சண்டை பிடிக்கிற என் தங்கச்சி அவள்தான்.

உள்ளே சுத்தப்படுத்தி முடிந்து, வீடு கொஞ்சம் அடங்கிய பிறகு, அப்பா கிடுகுச் சுவருக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?"

அம்மா தூங்கிவிட்டா என்று நினைத்தேன்.

"சொன்னா நீங்க எதில கோபப்படுவீங்க?" என்று அம்மாவின் குரல் வந்தது. களைத்த குரல். "அண்டைக்குச் சுணங்கி, நேரம் பிந்தி வந்தது நீங்க. அத நினைச்சு நினைச்சு உங்களயே திண்டிருப்பீங்க. எஞ்சின் எண்டு சொன்னீங்க. சரி, கோபத்த இரும்புல போடட்டும் எண்டு விட்டன். இரும்புக்கு நோகாது."

அப்பா நெற்றியைக் கிடுகில் வைத்தார்.

"நான் நேரத்தோட வந்திருந்தா புள்ள இருந்திருக்குமா?"

அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பிள்ளை பெற்ற உடம்போடு, அவ்வளவு வலிக்குப் பிறகு, ஒரு பொய் சொல்வது இலேசு.

"தெரியா" என்றா அம்மா. "எனக்குத் தெரியா. ஒருத்தருக்கும் தெரியா."

அப்பா அப்படியே சுவரோடு சரிந்து ஈர மண்ணில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, கரி பிடித்த இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். கரையில் நின்ற ஆம்பிளைகள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. பெரியம்மா பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தா, அவரிடம் காட்டி அழுகையை நிறுத்துவதற்கு.

உள்ளே இருந்து அம்மா தடுத்தா.

"விடு கா, அழட்டும். ஒரு வருசம் சுணங்கிப் போச்சு."